பழைய மவுண்டன் பைக்குக்கு ஃபோர்க் வாங்கும் முன்

தொண்ணூறுகளில் வந்த ஸ்டீல் ஃபிரேம் மவுண்டன் பைக் ஒன்று கையில் கிடைத்தால், பலரும் முதலில் தேடுவது முன்னால் ஒரு சஸ்பென்ஷன் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைத் தாங்கி, குழியில் அமுங்கிக் கொடுக்கும் கவட்டை, மாட்ட முடியுமா என்பதைத்தான். ஆசை நியாயமானது. அந்தக் காலத்து ஃபிரேம்கள் நல்ல குழாயில் செய்தவை, இன்னும் இருபது வருடம் தாங்கும். ஆனால் சக்கரம் 26 அங்குலம், பிரேக் பிடிப்பது ரிம்மில், டிஸ்க் மாட்ட ஃபிரேமில் இடம் கிடையாது. இன்று கடையில் தொங்கும் ஃபோர்க்குகளில் அநேகமாக எதுவும் இந்தச் சைக்கிளை மனதில் வைத்துச் செய்ததல்ல.

ஃபோர்க்கைத் தனியாகவும் பிரேக்கைத் தனியாகவும் யோசிப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. ரிம் பிரேக் சைக்கிளில் முன் பிரேக் உட்கார்ந்திருப்பதே ஃபோர்க்கின் இரண்டு கால்களில். ஃபோர்க்கை மாற்றினால் பிரேக் மாறும், பிரேக் மாறினால் லிவர் மாறும், சில வண்டிகளில் லிவரோடு கியர் ஷிஃப்டரும் போகும். ஒரு ஃபோர்க்கை வாங்கிவிட்டு, அதற்காக மற்ற நான்கு சாமானும் வாங்கியவர்கள் நிறைய.

மவுண்டன் பைக்கின் கதையே பிரேக்கில்தான் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில், செங்குத்தாக இறங்கும் மண் பாதை ஒன்று. 1970களில் சில இளைஞர்கள் பழைய பலூன் டயர் சைக்கிள்களில் அதில் இறங்கினார்கள். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கிற, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் பிரேக்தான் அந்தச் சைக்கிள்களில் இருந்தது. கீழே போய்ச் சேர்வதற்குள் ஹப் கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். அடுத்த முறை இறங்கும் முன் ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்றே பெயர் வந்தது. 1976 அக்டோபரில் அங்கே முதல் பந்தயம் நடந்தது. அடுத்த ஆண்டு ஜோ பிரீஸ் இதற்கென்றே ஃபிரேம் கட்டினார். ஹப் பிரேக் போய், ரிம்மை இரு பக்கமும் கவ்வும் கான்டிலீவர் பிரேக் நிலைத்தது. 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வந்தபோது அதுவும் கான்டிலீவர் பிரேக்கோடுதான் வந்தது.

அதுவரை ஃபோர்க் என்றால் இரும்புக் குழாய். 1989இல் பால் டர்னர் தொடங்கிய ராக்‌ஷாக்ஸ், ஆர்எஸ்-1 என்ற ஃபோர்க்கைக் கொண்டுவந்தது. அது அமுங்கும் தூரம் 5 செ.மீ.கூட இல்லை. 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் டவுன்ஹில் பட்டத்தை ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கில் வென்றார். அதே காலத்தில் டக் பிராட்பரி மானிட்டூ ஃபோர்க்குகளைச் செய்தார். அவற்றில் காற்றும் எண்ணெயும் இல்லை, எலாஸ்டமர் என்கிற ரப்பர் போன்ற கட்டைகளை அடுக்கியிருப்பார்கள். 1995இல் ராக்‌ஷாக்ஸ் ஜூடி. 1997 மாடலாக மர்சோக்கி பாம்பர் இசட்-1, ஆரஞ்சு நிறத்தில், சுருள் ஸ்பிரிங்கும் எண்ணெயுமாக, 100 மி.மீ. அமுங்கும் ஃபோர்க். பத்தே ஆண்டுகளுக்குள் ஃபோர்க்கின் ஆட்டம், அதாவது அமுங்கும் தூரம், இரண்டு மடங்காகிவிட்டது.

இந்த வேகத்துக்கு ஃபிரேம்களும் மாறின. 1990 ஃபிரேம் வேறு, 1998 ஃபிரேம் வேறு. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், அதுதான் ஏமாற்றுகிறது.

சக்கர அச்சு உட்காரும் இடத்திலிருந்து ஃபோர்க்கின் கிரவுன் வரை, அதாவது இரண்டு கால்களும் சேரும் மேல் பகுதியில், ஹெட்செட்டின் (ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங்) கீழ் வளையம் உட்காரும் தளம் வரை உள்ள நீளம் முக்கியம். எண்பதுகளின் கடைசி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த சாதாரண இரும்பு ஃபோர்க்கில் இது ஏறக்குறைய 390 முதல் 400 மி.மீ. 63 மி.மீ. அமுங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் 430ஐ ஒட்டி இருக்கும். 80 மி.மீ. ஃபோர்க்கில் 450, 100 மி.மீ. ஃபோர்க்கில் 470க்கு மேல். ஃபோர்க் 20 மி.மீ. நீண்டால், ஃபிரேமின் முன்னால் ஃபோர்க்கைத் தாங்கும் ஹெட் குழாயின் கோணம் சுமார் 1 டிகிரி சாயும், பெடல் அச்சு 8 மி.மீ. போல உயரும். இது வெறும் முக்கோணக் கணக்குதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் ஃபிரேம் 1991இல் வந்தது, பழைய ஃபோர்க் 395 மி.மீ., ஹெட் குழாய்க் கோணம் 71 டிகிரி. 80 மி.மீ. ஃபோர்க் மாட்டுகிறீர்கள், நீளம் 450. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் அது ஐந்தில் ஒரு பங்கு, 16 மி.மீ., தானே இறங்கும். மிச்சம் 434. பழையதைவிட 39 மி.மீ. அதிகம். கோணம் 69க்கு வந்துவிட்டது, பெடல் அச்சு ஒன்றரை செ.மீ. ஏறிவிட்டது. மேட்டில் ஏறும்போது முன் சக்கரம் தரையை விட்டு மிதக்கும், மெதுவாகத் திருப்பும்போது ஹேண்டில்பார் தானாக ஒரு பக்கம் விழும். சைக்கிள் சொன்ன பேச்சைக் கேட்காது. அப்புறம் இன்னொன்று: ஃபோர்க் நீள நீள, குழியில் விழும் அடி ஹெட் குழாயை நெம்புகோல் போல நெம்பும். ஹெட் குழாய்க்குப் பின்னால் கீழ்க்குழாயின் அடியில் பெயின்ட் சுருக்கம் விழுந்த பழைய ஃபிரேமைப் பார்த்தால், அது பெயின்ட் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். குழாயே வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதனால் என் தீர்ப்பு இது: 1992க்கு முந்தைய ஃபிரேமுக்கு 63 மி.மீ.க்கு மேல் போகவே வேண்டாம். சஸ்பென்ஷனோடு விற்கப்பட்ட தொண்ணூறுகளின் நடு, கடைசி ஃபிரேம்களுக்கு, எந்த ஃபோர்க்கோடு வந்ததோ அதே ஆட்டம், மிஞ்சினால் 80. 100 மி.மீ. ஃபோர்க் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக எதிலும் மாட்டாதீர்கள்.

நீளம் சரி. அடுத்தது ஸ்டியரர், ஹெட் குழாய்க்குள் நுழையும் குழாய். இதில் மூன்று அளவு உண்டு: 1 அங்குலம், அதாவது 25.4 மி.மீ.; ஒன்றேகால் அரைக்கால் என்றெல்லாம் குழப்பிக்கொள்ளாமல் 28.6 மி.மீ. என்று நினைவில் வைக்க வேண்டிய நடு அளவு. கேரி ஃபிஷர் சைக்கிள்களில் பிரபலமான 31.8 மி.மீ. பெரிய அளவு. தொண்ணூறுகளில் பெரும்பாலானவை 28.6. வெர்னியர் இருந்தால் ஒரு நிமிட வேலை. ஃபோர்க்கைக் கழற்றாமல், மேலே ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பகுதி) தண்டை அளந்தும் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. மரை போட்ட ஸ்டியரருக்குள் இறங்கும் ஸ்டெம் தண்டு, ஸ்டியரரைவிடச் சிறியது. தண்டு 22.2 என்றால் ஸ்டியரர் 25.4. தண்டு 25.4 என்றால் ஸ்டியரர் 28.6. தண்டு 28.6 என்றால் ஸ்டியரர் 31.8. தண்டில் 28.6 என்று பார்த்துவிட்டு 28.6 ஃபோர்க் வாங்கி வந்து, அது ஹெட் குழாய்க்குள் கடகடவென்று ஆடுவதைப் பார்த்து நிற்பவர்கள் உண்டு. அளவைக் குறைக்கும் ஹெட்செட் கிடைக்கிறது, ஆனால் அது தெரிந்தே எடுக்கும் முடிவாக இருக்கட்டும்.

மேலே 28.6 ஆக இருந்தாலும் கீழே தடித்து வருகிற இன்றைய டேப்பர் ஸ்டியரர் இந்த ஃபிரேம்களில் நுழையாது. 15 மி.மீ. தடித்த அச்சுக்கான ஃபோர்க்கும் வேண்டாம், பழைய சக்கரத்தின் குவிக் ரிலீஸ் அச்சு (கையாலேயே கழற்றும் மெல்லிய அச்சு) அதில் நிற்காது.

மரை போட்டதா, போடாததா என்பது பலரை மிரட்டுகிறது. அது சின்னப் பிரச்சினைதான். ஸ்டியரர் அளவு ஒன்றாக இருந்தால் ஹெட் குழாய்க்கு இரண்டும் ஒன்றே. ஹெட்செட்டையும் ஸ்டெம்மையும் மாற்றினால் மரையில்லாத ஃபோர்க் அழகாக உட்காரும். உண்மையான சிக்கல் நீளத்தில் இருக்கிறது. பழைய ஃபோர்க்குகள் அநேகமாக வேறு யாரோ தன் சைக்கிளுக்கு வெட்டியவை. உங்கள் ஹெட் குழாய் 130 மி.மீ. என்றால், ஹெட்செட்டுக்கு 30, ஸ்டெம்முக்கு 40, ஆக 200 மி.மீ. ஸ்டியரர் வேண்டும். 180 மி.மீ. ஸ்டியரர் உள்ள ஃபோர்க், எவ்வளவு புதிதாக மின்னினாலும், உங்களுக்குப் பயன்படாது. ஸ்டியரரை ஒட்டவைத்து நீட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இனி பிரேக். கான்டிலீவர் பிரேக்கில் கேபிள் மேலிருந்து நேராக இறங்கி, நடுவில் ஒரு முக்கோணமாகப் பிரிந்து, இரண்டு கைகளையும் மேலே இழுக்கும். அந்தக் கேபிளின் வெளி உறை எங்கேயாவது முட்டி நிற்க வேண்டும். சாதாரண ஃபோர்க் காலத்தில் ஹெட்செட்டின் மேலோ ஸ்டெம்மிலோ ஒரு கொக்கி வைத்து அங்கே முட்டவிட்டார்கள். சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் இது நடக்காது. ஏன் என்று மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள்: கொக்கி மேலே அசையாமல் இருக்கிறது, பிரேக் கைகளோ ஃபோர்க்கின் ஏறி இறங்கும் கீழ்க்காலோடு சேர்ந்து மேலும் கீழும் போகின்றன. ஃபோர்க் அமுங்கினால் கேபிள் தொய்ந்து, பிடித்த பிரேக் விட்டுவிடும். நீண்டால் இழுத்துப் பிடிக்கும். கல்லும் குழியுமான இறக்கத்தில், பிரேக் மிக அவசியமான நேரத்தில்தான் இது நடக்கும். அதனால் தொண்ணூறுகளின் முதல் பாதியில் வந்த ஃபோர்க்குகள் இரண்டு கீழ்க்கால்களையும் இணைக்கும் வளைவிலேயே கேபிள் முட்டும் கொக்கியை வைத்தன. ஃபோர்க் எப்படி ஆடினாலும் கொக்கியும் பிரேக்கும் சேர்ந்தே ஆடும்.

1996 மாடலாக ஷிமானோ வி-பிரேக்கைக் கொண்டுவந்தது. நீண்ட நிமிர்ந்த இரண்டு கைகள், ஒரு கையில் வளைந்த குழாய் வழியாக உறை முட்டி நிற்க, உள்கம்பி குறுக்கே போய் மற்ற கையை இழுக்கும். உறை முட்டும் இடமே பிரேக்கில் இருப்பதால் கொக்கி எதுவும் தேவையில்லை. சஸ்பென்ஷனுக்கென்றே பிறந்த ரிம் பிரேக் என்று இதைச் சொல்லலாம். பிடியும் நல்ல பலம். சில வருடங்களில் ஃபோர்க் செய்பவர்கள் வளைவில் கொக்கி வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே பழைய ஃபோர்க் வாங்கும்போது அந்த வளைவைப் பாருங்கள். நடுவில் துளையோ கொக்கியோ இருந்தால் கான்டிலீவரும் மாட்டலாம், வி-பிரேக்கும் மாட்டலாம். இல்லையென்றால் முன்னால் வி-பிரேக் மட்டும்தான்.

வி-பிரேக்குக்குப் போனால் லிவர் பிரச்சினை வரும். வி-பிரேக் கைகள் நீளம், அதனால் கான்டிலீவரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேபிளை இழுக்க வேண்டும். கான்டிலீவர் லிவரில் வி-பிரேக்கைக் கட்டினால் லிவர் ஹேண்டில்பாரில் போய் முட்டும், பிரேக் முழுசாகப் பிடித்திருக்காது. முட்டாமல் இருக்கப் பிரேக் கட்டைகளை ரிம்முக்கு ஒட்டி வைத்தால் கொஞ்சம் கோட்டம் வந்தாலும் உரசும், பிடிக்கும்போது வெடுக்கென்று பிடித்து ஆளைத் தூக்கிப் போடும். எதிர்ப்பக்கம், வி-பிரேக் லிவரில் கான்டிலீவரைக் கட்டினால் லிவர் கல் மாதிரி உறுதியாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. பலர் இந்தக் கடினத்தையே நல்ல பிரேக் என்று நினைத்துவிடுகிறார்கள். கையில் கெட்டியாக இருப்பதும் ரிம்மில் கவ்வுவதும் வேறு வேறு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பல வண்டிகளில் லிவரும் கியர் ஷிஃப்டரும் ஒரே உடலாக வந்தன. லிவரை மாற்றினால் ஷிஃப்டரும் கழன்றுவிடும். அப்படிப்பட்ட வண்டிக்கு வளைவில் கொக்கியுள்ள பழைய ஃபோர்க்கைத் தேடிப் பிடித்து, கான்டிலீவரோடு இருப்பது மேல். கேபிள் இழுப்பைக் கூட்டுகிற சின்னக் கப்பி ஒன்றும் கிடைக்கிறது. வேலை செய்யும், ஆனால் கேபிள் அந்த வளைவில் சீக்கிரம் நார் நாராகும், அடிக்கடி பார்க்க வேண்டும்.

கான்டிலீவர் பலவீனமானது என்ற பேச்சை நான் முழுதாக ஏற்கவில்லை. சரியாகக் கட்டாத கான்டிலீவர்தான் பலவீனம். கேபிள் முக்கோணத்தின் உச்சியை டயருக்குக் கொஞ்சம் நெருக்கமாக இறக்கிப் பாருங்கள், பிடி கூடுவது உடனே தெரியும். மிகவும் இறக்கினால் லிவர் ஆழமாகப் போகும், அந்த எல்லையைக் கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும். டயருக்கு மேலே ஒரு விரல் இடைவெளி விடுவது நல்லது, சேறு அடைத்தாலும் தட்டாது.

1986 முதல் 88 வரையிலான சில வண்டிகளில் பின் பிரேக் பெடலுக்குப் பின்னால், பெடல் அச்சிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்களின் அடியில் ஒளிந்திருக்கும். யு-பிரேக் அல்லது ரோலர்கேம். அவற்றின் குமிழ்கள், அதாவது பிரேக் கைகள் மாட்டித் திரும்பும் முளைகள், ரிம்முக்கு அப்பால், டயர் பக்கம் இருக்கும். அதில் வி-பிரேக்கோ கான்டிலீவரோ மாட்டவே முடியாது. அந்த வகைப் பிரேக்கையே சுத்தம் செய்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மகுராவின் ஹைட்ராலிக் ரிம் பிரேக், எச்எஸ்-33 போன்றவை, கான்டிலீவரும் வி-பிரேக்கும் உட்காரும் அதே குமிழ்களில் உட்காரும். கேபிளே இல்லை, எண்ணெய் தள்ளும். பிடி அபாரம். ஆனால் இவ்வளவு பலமாக ரிம்மை அழுத்தும்போது ஃபோர்க் கால்கள் வெளிப்பக்கம் விரியும். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து, குமிழ்களுக்கு நடுவே பார்த்தால் கண்ணுக்கே தெரியும். பழைய மெல்லிய ஃபோர்க்குகளில் வி-பிரேக்குக்கே இது உண்டு. இரண்டு குமிழ்களையும் மேலே இணைக்கும் லாட வடிவத் தகடு, பூஸ்டர் என்பார்கள், போட்டால் விரிவது குறையும். சின்னச் செலவு, பெரிய பலன்.

பழைய ஃபோர்க்கை வாங்கும் முன் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. உள்ளே ஏறி இறங்கும் குழாய்களில் நகத்தை ஓட்டுங்கள், நகம் மாட்டினால் அந்தக் கீறல் சீலைத் தின்றுவிடும். சக்கரம் மாட்டியிருந்தால் முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், 'டக் டக்' என்று தளர்ந்து ஆடினால், உள்ளே குழாய்கள் வழுக்கி ஓடும் புஷ் தேய்ந்துவிட்டது. காற்று ஃபோர்க் என்றால் காற்றடித்து, இறங்குகிறதா என்று ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். எலாஸ்டமர் ஃபோர்க் என்றால் உள்ளே இருப்பது கெட்டுப் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் பிரித்த ஒன்றில், மூடியைத் திறந்ததும் கட்டைகளுக்குப் பதிலாகக் கருப்புப் பசை வந்தது. பீரோவுக்குள் பல வருடம் கிடந்த ரப்பர் பேண்ட், காகிதத்தோடு உருகி ஒட்டிக்கொள்ளுமே, அதே போல. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துச் சுற்றிச் சுரண்டியே ஒரு மாலை போயிற்று. நிறைய மாடல்களுக்குச் சுருள் ஸ்பிரிங் மாற்று கிடைக்கும், அதை உறுதிசெய்துகொண்டு பிறகு பணத்தைக் கொடுங்கள்.

புதிதாகவே வேண்டும் என்றால் எஸ்ஆர் சன்டூர் போன்றவர்களின் மலிவு ஃபோர்க்குகளில் ரிம் பிரேக் குமிழோடு 26 அங்குலத்துக்கு வந்தவை உண்டு. கனம் அதிகம், எண்ணெய் கட்டுப்படுத்தும் அமைப்பு இல்லாத மாடல் என்றால் பந்து மாதிரி துள்ளும். அதைப் போடுவதைவிட நல்ல இரும்பு ஃபோர்க்கும், ஃபிரேம் இடம் கொடுக்கும் அளவுக்குத் தடித்த டயரும், கொஞ்சம் குறைத்த காற்றும் எனக்குப் பல மடங்கு பிடிக்கும். சஸ்பென்ஷனுக்கு ஏற்ற நீளத்தில் செய்த இரும்பு ஃபோர்க்குகளும் உண்டு, 410 மி.மீ. சுற்றில். பழைய ஃபிரேமுக்கு இது சொன்ன பேச்சைக் கேட்கும் ஃபோர்க். பிரேக் பிடித்தால் கால்கள் அதிகம் விரியாது, கொக்கித் தொல்லையும் இல்லை.

மிச்சமாகும் பணத்தைப் பிரேக் கட்டையிலும் கேபிளிலும் போடுங்கள். பழைய கட்டை கண்ணாடி போல இறுகியிருக்கும், அதில் எந்த லிவரும் உதவாது. கூல்-ஸ்டாப்பின் சால்மன் நிறக் கட்டை ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் என்று பெயர் எடுத்தது. நம் ஊரில் கம்பிப் பிரேக் சைக்கிளில், குரோம் பூசிய இரும்பு ரிம்மில், மழையில் பிரேக் பிடித்துப் பார்த்தவர்களுக்கு ஈரத்தில் கட்டை வழுக்குவது என்றால் என்னவென்று தெரியும். அலுமினிய ரிம் அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் அலுமினியம் தேயும். ரிம்மின் பக்கவாட்டில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் குழிந்து வெளிச்சம் தெரிந்தால் ரிம் தன் காலத்தை முடித்துவிட்டது. காற்றடித்த டயரின் அழுத்தத்தில் அந்த விளிம்பு ஒரு நாள் கிழிந்து திறக்கும், அதில் புது ஃபோர்க்கை மாட்டி இறக்கத்தில் போகக் கூடாது. பிரேக்குக்குப் பிரேக் உறைதான் போட வேண்டும். கியர் உறை பார்க்க அதே மாதிரி இருக்கும், அழுத்தத்தில் பிளந்துவிடும்.

மாட்டி முடித்ததும் முதலில் ரிம் கோட்டம் எடுங்கள். அப்புறம் கட்டையின் முன்முனை ரிம்மை முதலில் தொடுமாறு, பின்முனைக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டை மடித்து வைத்து முடுக்குங்கள், கீச்சென்ற சத்தம் அநேகமாக அடங்கிவிடும். இந்த வகைப் பிரேக்கில் கைகள் ரிம்முக்குக் கீழே உள்ள குமிழில் திரும்புவதால், கட்டை தேயத் தேய அது உள்ளேயும் கீழேயும் நகரும். மூன்று மாதம் கழித்துக் குனிந்து பார்த்தால், கட்டையின் கீழ்விளிம்பு ரிம்முக்கு அடியில் இறங்கி, அங்கே தேயாத ஒரு உதடு நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியே விட்டால் அந்த உதடு ரிம்முக்கு அடியில் கொக்கி போட்டு மாட்டும், கான்டிலீவரில் கட்டையே ஸ்போக் கம்பிகளுக்குள் நுழையக்கூடும். கட்டையைக் கழற்றி, உதட்டைக் கத்தியால் சீவி, ரிம்மின் நடுவுக்கு ஏற்றி மறுபடி முடுக்குங்கள்.